கசிவு சொற்பம்

அடப்பாற்றின் கடைசிக் கதவுகளுக்கு நான் லஸ்கர்.
ஐந்து கதவு, ஐந்து சக்கரம், ஒரு கிரீஸ் டப்பா,
நீர்மட்டம் எழுத அரசு முத்திரை போட்ட பதிவேடு.
இதற்குக் கிழக்கே காவிரிக்கு ஆளில்லை.
உவரும் சேறும், அப்பால் கடலும்.

மேட்டூரில் திறந்த தண்ணீர்
மதகு மதகாய்க் கைமாறி
இங்கே வர இருபது நாளாகும்.
சில வருடம் செய்தி மட்டும் வரும்.
அந்த நாட்களில்
கடல்தான் வந்து கதவைத் தட்டும்.

கடல்பக்கச் சிமெண்டில் அதைப் பார்த்தேன்.
நெல்லை நீளவாக்கில் பிளந்த அளவு,
சேற்று நிறம், தலைமேல் ஒட்டவைத்த கண்கள்.
உளுவைக் குஞ்சு.
வயிற்றடியில் இரண்டு துடுப்பு கூடிக் கிண்ணமாகி
சுவரைக் கவ்வியிருந்தது.
ஒரு சொடுக்கு. ஒட்டிக்கொள்ளும்.
கொஞ்சம் யோசிக்கும்.
மறுபடி ஒரு சொடுக்கு.
அலை பிடுங்கினால் விழும்,
விழுந்த இடத்திலிருந்து தொடங்கும்.

நல்ல நீச்சல்காரன் இல்லை அது.
துடுப்பை நிறுத்தினால் மிதக்காது,
கல்போல் அடியில் போய் உட்காரும்.
கெண்டை வெள்ளி காட்டித் துள்ளும்;
இது தரையோடு தரையாய்
யார் கண்ணிலும் படாமல் ஆற்றை அளக்கும்.

தையல்நாயகிக்கு மட்டும் தெரியும்.
இடுப்பில் பறி கட்டி
கழுத்துவரை வடிகாலில் இறங்கி
விரலால் பார்க்கிறவள்.
ஒருநாள் உடைந்த குழாய்க்குள் கைவிட்டு
வெடுக்கென்று எடுத்தாள்.
"கடிக்குது லஸ்கரு. முட்டைக்குக் காவல்.
ஆம்பள உளுவை."
பறியை நகர்த்திக்கொண்டே சொன்னாள்:
"திருப்பூர் போன எங்க வூட்டாளு
மூணு மாசமா போன எடுக்கல.
இது இரைக்குக்கூட வெளிய வரலியே."
அந்தக் குழாயை அப்படியே விட்டுப் போனாள்.
அன்று பறியில் பாதிகூட நிறையவில்லை.

குஞ்சுகளின் வழி மூன்றாம் கதவு.
அதன் ரப்பர் வாய் கிழிந்து ஏழு வருடம்.
கடல் இறங்கும்போது
ஆற்றுத் தண்ணீர் நூலாய் வெளியே வழியும்.
அந்த நூலைப் பிடித்து
அவை ஒன்றன்பின் ஒன்றாய் ஏறும்.
கடல் ஏறும்போதோ
அதே நூல் உப்பாகி உள்ளே போகும்.
மதியழகனின் நாற்றங்கால் நுனி கருகியது அதனால்தான்.
பிடுங்கிய நாற்று ஒரு பிடியை
என் பதிவேட்டின் மேல் வைத்துவிட்டுப்
பேசாமல் போனார்.
திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஏழு வருடம் நான் எழுதிய கடிதங்களுக்கு
இந்த ஆனியில் பதில் வந்தது:
சாக்கில் சுற்றிய புது ரப்பர்,
பன்னிரண்டு ஓட்டைக்குப் பதினொரு போல்ட்.

பூட்டினேன்.
என் வேலை அது. நெல் எனக்கும் சோறு.
பதினொன்றையும் முறுக்கி
எண்ணெய் தொட்டுத் துடைத்து
இறங்கி வந்தபோது
குஞ்சுகள் காய்ந்த சுவரில் ஒட்டியிருந்தன,
தொலைந்த நூலைத் தேடிக்கொண்டு.
குவளையில் தண்ணீர் மொண்டு சுவரில் ஊற்றினேன்.
எத்தனை குவளை ஊற்றுவது?

ராத்திரி வற்றுக்கு டார்ச் எடுக்காமல் போனேன்.
பன்னிரண்டாம் ஓட்டையில் சின்னக் குளிர்ச்சி,
வியர்வை மாதிரி வழிந்தது.
சுண்டுவிரல்கூட நுழையாது.
விரல்நுனியை வைத்துப் பார்த்தேன்.
ஏதோ வந்து ஒட்டியது.
கனமே இல்லை,
ஆனால் பிடித்திருந்தது,
என்னையும் சுவர் என்று நினைத்து.
கொசு கடித்தும் கையை அசைக்கவில்லை.

ஒரு போல்ட் கேட்டு எழுத வேண்டும்.
தாள் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.
மதியழகன் நாற்று விட்டிருக்கிறார் மறுபடி,
வரப்பில் நின்று
நாக்கில் தண்ணீர் தொட்டுப் பார்க்கிறார்.

காலை ஆறு மணி.
மேல்மட்டம் இரண்டடி, கீழ்மட்டம் ஒன்றே கால்.
மூன்றாம் கதவு:
கசிவு சொற்பம்.